கைது விவரங்கள் – சிங்கப்பூர்

சிங்கப்பூரில் அண்மையில் யார் யார் கைதானார்கள் என்று பொதுமக்கள் புரட்டிப் பார்க்கப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பல மாவட்ட ஷெரிஃப் அலுவலகங்கள் கைதானவரின் பெயரையும் படத்தையும் இணையத்தில் போடுகின்றன. இங்கே போலிஸ் செய்திக்குறிப்பில் பொதுவாக வயது, பாலினம், சந்தேகிக்கப்படும் குற்றம் ஆகியவைதான் இருக்கும்.

பெயர் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் வெளிவருகிறது. அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டதும் வழக்கு அரசு நீதிமன்றங்களின் விசாரணைப் பட்டியலில் ஏறும். நீதித்துறை இணையத்தளத்தில் அதை யாரும் தேடலாம்.

நீதிமன்றத்துக்கு வந்தால்தான் பெயர் வெளிவரும் என்பதற்கு லிட்டில் இந்தியாக் கலவரமே தெளிவான உதாரணம். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பெயர்கள் நாளேடுகளில் வந்தன. நீதிமன்ற விசாரணையின்றி நாடு கடத்தப்பட்டவர்கள் 57 பேர். அவர்களை வழக்குப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஊரில் தகவலுக்குத் தவிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய குறைதான்.

உறவினர் கைதானதாகக் கேள்விப்பட்டால், காவல் நிலையத்தில் நேரில் விசாரியுங்கள்; இந்தியக் குடிமகன் என்றால் கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்தையும் நாடுங்கள்.