நாணயத்தின் குறை: தேய்மானமா, அச்சுப் பிழையா?

பழைய நாணயம் ஒன்றில் உருவம் மங்கியிருந்தால், ‘தேய்ந்துபோன காசு, விலை போகாது’ என்று ஒதுக்கிவிடுவது பலரின் வழக்கம். அந்த மங்கல் பல கைகள் மாறியதால் வந்ததா, நாணயச் சாலையிலேயே நேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் மதிப்பே இந்த விடையைப் பொறுத்திருக்கிறது.

அமெரிக்காவின் டாக்டர் வில்லியம் ஷெல்டன், 1949-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், பழைய பெரிய செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். பின்னர் அது எல்லா நாணயங்களுக்கும் பரவியது. 60-உம் அதற்கு மேலும் பெற்றவை புழக்கத்தில் தேயாதவை. 1986, 1987-ஆம் ஆண்டுகளில் தனியார் தர நிறுவனங்கள் தோன்றி, நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண் வழங்கத் தொடங்கின. ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் விலை பெரிதும் மாறியது.

இங்கேதான் அச்சுப் பிழைகள் சிக்கலை உண்டாக்கின.

முதலாவது, அழுத்தக் குறைவு. நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் அடிக்கப்பட்ட மார்கன் வெள்ளி டாலர்கள் பலவற்றில், பெண்ணுருவின் காதுக்கு மேலுள்ள கூந்தலும் கழுகின் மார்பும் தட்டையாகக் காணப்படும். தேய்ந்த இடத்தில் உலோகத்தின் இயற்கைப் பளபளப்பு மறைந்திருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் அது எஞ்சியிருக்கும். இதை அறிந்தவர் அந்நாணயத்தைத் தேய்ந்தது என்று தள்ளமாட்டார். எனினும், உச்ச எண்கள் அதற்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, பழுதான அச்சு. 1922-இல் அமெரிக்காவின் ஒரு சென் காசுகள் டென்வர் நகரில் மட்டுமே அடிக்கப்பட்டன. எனவே, ஒவ்வொன்றிலும் ‘டி’ என்ற எழுத்து இருந்திருக்க வேண்டும். ஆனால் சிலவற்றில் அது இல்லை. முன்பக்க அச்சு தேய்ந்து பழுதானதால் எழுத்து மறைந்ததோடு, லிங்கனின் உருவமும் மங்கியது. பின்பக்கம் தெளிவாக உள்ள வகையையே சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புகின்றனர். முன்பக்கம் இயல்பிலேயே மங்கலானது என்பதைக் கருத்தில் கொண்டே அதற்குத் தரம் வழங்கப்படுகிறது.

1937-இல் டென்வரில் அடிக்கப்பட்ட காட்டெருமை நிக்கலும் இத்தகையதே. அச்சை அளவுக்கு மீறித் தேய்த்துச் சரிசெய்ததால், எருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்து, ‘மூன்று கால் எருமை’ பிறந்தது. விலை ஏறியதும் சாதாரண நாணயத்தில் காலைச் சுரண்டி ஏமாற்றுவோரும் கிளம்பினர். உண்மையான நாணயத்தில் வயிற்றின் கீழ் சிறு புள்ளிகள் வரிசையாக மேலெழுந்து தெரியும். சுரண்டியதில் அவை இரா.

மூன்றாவது, இரட்டை அச்சு. 1955-இல் பிலடெல்பியாவில் ஓர் அச்சைத் தயாரிக்கும்போது, இரண்டாம் முறை அழுத்துகையில் அது சற்றே திரும்பிவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகத் தெரியும் அக்காசுகளில் 20,000-க்கும் மேற்பட்டவை புழக்கத்தில் கலந்ததாகக் கணிக்கப்படுகிறது. இன்று அவற்றின் விலை பல நூறு மடங்கையும் தாண்டியது. அதே ஆண்டில், அச்சின் தேய்மானத்தால் கடைசி எண் மட்டும் இரட்டித்த காசுகளும் உண்டு. ‘ஏழையின் இரட்டை அச்சு’ என அழைக்கப்படும் அவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு.

நாணயச் சாலையில் நேர்ந்த பிழை நாணயத்தின் வரலாற்றைச் சேர்ந்தது. அது அரிதாகவும் தெளிவாகவும் இருந்தால் விலை உயரும். வெளியே நேர்ந்த சுரண்டல், தீட்டல், அமிலக் கழுவல் எல்லாம் சேதமே. அத்தகைய நாணயங்களுக்குத் தர நிறுவனங்கள் பெரும்பாலும் எண் வழங்காமல், சேதத்தை மட்டுமே குறிப்பிடுகின்றன.

ஆகவே, தாத்தா பாட்டி விட்டுச்சென்ற காசுகளைப் பளபளப்பாக்க முனைவோர் சற்றுப் பொறுப்பது நல்லது. நூறாண்டுகள் தாங்கிய மதிப்பு ஒரு நிமிடத் தேய்ப்பில் போய்விடக்கூடும். விற்பதற்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுவதே ஏமாறாமல் இருக்க வழி.