நோட்டீஸில் இல்லாத பெயர்கள்

ராக் இசை கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் பிடித்த டிரம்மர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடிய விடியப் பேச்சு ஓடும். லெட் ஜெப்பலினின் ஜான் பான்ஹாமை மிஞ்ச ஆள் இல்லை என்பார் ஒருவர். பிளாக் சபாத்தின் பில் வார்டு இல்லாமல் மெட்டலே பிறந்திருக்காது என்பார் அடுத்தவர். வேகத்துக்கு ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோ, கணக்குக்கு ரஷ் குழுவின் நீல் பியர்ட் என்று பட்டியல் நீளும். நான் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்க்காரன். பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்து, பிறகு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பிழைத்தவன். இந்த நாலு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்கள் முன்னால் வைத்து வாசித்த வாத்தியம் பாகூருக்கும் வில்லியனூருக்கும் எந்த வழியாக, யார் தோளில் வந்தது என்ற கதை அதைவிடப் பிடிக்கும்.

டிரம்செட் என்பது மூன்று ஆள் வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்வது. சந்தேகம் இருந்தால் தெருவில் போகும் பேண்டு செட்டைக் கவனியுங்கள். வயிற்றோடு பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு ஒருவர் 'தொம்' போடுவார். இடுப்பில் சாய்வாகத் தொங்கும் சைடு டிரம்மில் இன்னொருவர் பொரித்துத் தள்ளுவார். மூன்றாமவர் கையில் பித்தளைத் தட்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஊர்வல பேண்டுகள் ஆடரங்குகளுக்குள் நுழைந்தபோது மூன்று பேருக்கு இடமும் இல்லை, கூலியும் இல்லை. ஒருவரே இரண்டு டிரம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தது. 1909-இல் சிகாகோவின் லுட்விக் சகோதரர்கள் சரியாக வேலை செய்யும் கால் பெடலைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். பெரிய டிரம் கையிலிருந்து காலுக்கு இறங்கியது. 1920-களின் கடைசியில் இரண்டு தட்டுகளை ஒரு கம்பத்தில் மாட்டி இடது காலால் மூடித் திறக்கும் ஹை-ஹேட் வந்தது. செட்டு முழுமையானது. பெரிய டிரம்மும் பித்தளைத் தட்டும் ஐரோப்பாவுக்கே கடன் சரக்குதான். துருக்கி சுல்தான்களின் ஜானிசாரிப் படை வாத்தியங்களைக் கேட்டுவிட்டு அவர்கள் எடுத்துக்கொண்டவை. இன்று ராக் டிரம்மர்கள் கேட்டு வாங்கும் ஜில்ஜியான் தட்டு இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியக் கைவினைஞர் 1623-இல் தொடங்கிய பட்டறையின் பெயரைத் தாங்கியது.

எங்கள் பக்கத்துக்கு அந்த வாத்தியம் ஆடரங்கு வழியாக வரவில்லை. படை வழியாக வந்தது. 1749-இல் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. 1760-இல் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அந்தக் காலப் படையில் டிரம்தான் உத்தரவு. எழுந்திரு, நட, நில், சுடு, பின்வாங்கு எல்லாம் டிரம் சத்தத்தில்தான் போகும். புகையிலும் கூச்சலிலும் அதிகாரியின் குரல் எட்டாது, சைடு டிரம் எட்டும். அதன் அடித்தோலில் இழுத்துக் கட்டிய நரம்புகள் ஒவ்வோர் அடிக்கும் கரகரத்து, சத்தத்தை அரை மைல் தள்ளும். மெட்டல் பாட்டில் நெஞ்சில் அறைகிற அந்த ஸ்னேர் சத்தம் போர்க்களத்துக்காகச் செய்யப்பட்டது.

அதற்கு முன்பே இங்கே தோல் வாத்தியத்துக்குப் பஞ்சம் இல்லை. கோயிலில் கொட்டுகிற உவச்சர்களுக்குச் சோழர் காலத்தில் நிலம் விட்டிருக்கிறார்கள். கல்வெட்டுகளில் அதற்கு உவச்சக்காணி என்று பேர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கு மத்தளம். மாரியம்மன் கோயில்களில் பம்பை, உடுக்கை, சிலம்பு. பம்பை என்பது மரத்தில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டியது. இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரே ஆள் இரண்டையும் ஆளுவார். ஒரு மனிதன் பல தோலை ஒரே நேரத்தில் பேசவைப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதுச் சங்கதி அல்ல.

எல்லாவற்றுக்கும் மூத்தது பறை. கூட்டத்தில் அடிப்பதைப் பார்த்தவர்கள் அதிகம், அதற்கு முன் நடப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. தெருமுனையில் வைக்கோலோ காய்ந்த பனையோலையோ போட்டு நெருப்பு மூட்டுவார்கள். தோல்பக்கத்தை அனலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஈரம் இருக்கும்வரை 'பொத்' என்னும். சூடு ஏற ஏறச் சத்தம் மேலே போய், ஒரு கட்டத்தில் 'டண்' என்று தெறிக்கும். அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் பொறுத்தால் தோல் வெடித்துவிடும். பிறகு வாரைத் தோளில் போட்டு, இடது கையில் நீண்டு மெலிந்த மூங்கில் குச்சியும் வலது கையில் குட்டையான தடிக் குச்சியுமாக நடப்பார்கள். பனிக்காலத்தில் கால் மணிக்கொரு முறை மறுபடியும் நெருப்பு. அமெரிக்க டிரம்மர்களும் கன்றுத்தோலோடு இதே பாடுதான் பட்டார்கள். 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் கடைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு விடிவு. எங்கள் பறைக்கு அந்த விடிவு வர இன்னும் பல வருஷம் பிடித்தது.

அந்த வாத்தியத்தை அடித்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது? சாவுக்கு அடி, தண்டோராவுக்கு அடி, சாமி ஊர்வலம் என்றால் தூரத்தில் நின்று அடி. கூலி என்று நெல்லோ பழைய துணியோ. அடிக்க மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. தமிழ்நாட்டில் பல சேரிகளில் இளைஞர்கள் பறையைக் கீழே போட்டதும் கொளுத்தியதும் இதனால்தான். வாத்தியத்தின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை, கட்டாயத்தின் மேல்தான் கோபம்.

பேண்டு செட் என்பது அவர்களுக்கு ஒரு வாசல். புதுச்சேரிக் கிராமங்களில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தாக்கள் உண்டு. பட்டாள பேண்டைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தில் இருக்கும் மாதா சிலை 1877-இல் பிரான்சிலிருந்து வந்தது. ஈஸ்டர் முடிந்து கொடியேறும் அந்தத் திருவிழாவில் தேர்பவனிக்கு முன்னால் பேண்டு போகாமல் இருக்காது. கிளாரினெட், டிரம்பெட், பின்னால் இரண்டு டிரம்மும் தட்டும். பக்கத்திலேயே திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அங்கே தவிலும் நாதஸ்வரமும் ஆட்சி. ஒரே ஊருக்குள் ஒரு தெருவில் தவில், அடுத்த தெருவில் சைடு டிரம். நான் கற்றது இரண்டையும் கேட்டுத்தான்.

எங்கள் செட்டில் பாதிப்பேர் பறை அடித்தவர்களின் பிள்ளைகள். சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தின் முதல் வரிசையில் நடந்தவர்கள். எனக்குச் சைடு டிரம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் அப்பா பறையாட்டக்காரர். நான் ரோல் பழகியபோது வாத்தியார் சொன்னது ஒன்றே ஒன்று: "குச்சியை இறுக்கிப் பிடிக்காத தம்பி, அது தானா குதிக்கும், நீ எண்ணிக்கையை மட்டும் பாரு." அவர் இடது கை மணிக்கட்டை வைத்திருந்த விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மூங்கில் குச்சி பிடித்த தகப்பன் கையிலிருந்து வந்தது அது.

பிறகு இன்னிசைக் கச்சேரிக் காலம். சினிமாப் பாட்டில் டிரம்ஸ் முன்னுக்கு வந்ததும் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு முளைத்தது. அந்தச் சத்தத்தைச் சென்னையில் உண்டாக்கியவர்கள் நோயல் கிராண்ட், இளையராஜா குழுவில் பல காலம் வாசித்த புருஷோத்தமன், அடுத்து சிவமணி. சிவமணியின் தகப்பனார் ஆனந்தனும் டிரம்மர்தான். பாட்டுப் புத்தகத்தில் பாடகர் பேர், இசையமைப்பாளர் பேர், பாடலாசிரியர் பேர் எல்லாம் இருக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பேர் இருக்காது. புருஷோத்தமன் என்ற பேரை நான் தெரிந்துகொண்டது அவர் வாசித்த பாட்டுகளை மேடையில் நூறு தரம் வாசித்த பிறகு.

பான்ஹாம் எனக்கு வந்தது கேசட்டில். பிரான்சில் இருந்து லீவில் வந்த ஒரு சொல்தா வீட்டுப் பையன் கொடுத்தது. 'மோபி டிக்' என்ற அந்த டிரம்ஸ் உருப்படியில் ஓர் இடத்தில் குச்சியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் அடிக்கிறார். கேட்டதும் எனக்குத் தவில்தான் நினைவுக்கு வந்தது. தவில்காரர் வலது கை விரல்களில் துணியும் மாவுப் பசையும் சுற்றி இறுக்கிய கூடுகளை மாட்டிக்கொண்டு வலந்தலையில் வாசிப்பார், இடது கையில் குச்சி. பான்ஹாமிடம் கூடு இல்லை, விரல் ரத்தம் கட்டும். இன்னொரு பாட்டில் ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சி, மொத்தம் நாலு. பாட்டின் பேரே 'ஃபோர் ஸ்டிக்ஸ்'. அந்தக் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் 1972-இல் பம்பாய் வந்து, உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்து அதே பாட்டை மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள். சரியான ஊரைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்பேன், இன்னும் தெற்கே இறங்கியிருந்தால் இன்னும் சரி.

மெட்டலின் அடையாளம் இரட்டைப் பெடல். மோட்டார்ஹெட் குழுவின் 'ஓவர்கில்' 1979-இல் அதை ஒரு பாட்டு முழுக்க ஓடவிட்டது. 1986-இல் வந்த ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில் லொம்பார்டோ அதை மழையாக்கினார். மொத்த ஆல்பமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2007-இல் அயர்ன் மெய்டனுக்கும் 2011-இல் மெட்டாலிகாவுக்கும் எங்கள் பக்கத்துப் பையன்கள் பஸ் ஏறிப் பெங்களூர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் அயர்ன் மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் பற்றிப் பேசியபோது, மாரியம்மன் கோயிலில் பம்பைக்காரர் சாமி வரவழைக்கும் கடைசிக் கட்டத்தை ஒரு தரம் பக்கத்தில் நின்று கேளுங்கள் என்றேன். ஒருத்தன் கேட்டான். இப்போது போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

பான்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்தார், வயது 32. டிசம்பரில் மற்ற மூவரும் இனிக் குழு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். உலகத்தில் பெரிய குழுக்களில் ஒன்று, தாளக்காரன் போனதும் கடையை மூடியது. அந்த மரியாதைதான் என்னை அந்த இசையோடு கட்டிப்போட்டது. எங்கள் ஊரில் சைடு டிரம்காரர் செத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். பேர்கூட மிஞ்சாது.

நிலைமை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது பறையும் சட்டியும் டிரம்செட்டும் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. 2019-இல் சிவமணிக்குப் பத்மஸ்ரீ. 2025 பத்மஸ்ரீ பட்டியலில் புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தியும், மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் ஒன்றாக இடம்பெற்றார்கள். பறையும் தவிலும் ஒரே தாளில் பேரோடு வந்ததைப் பார்த்த அன்று நான் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, மகன் இருந்தார். இந்தக் கட்டுரையில் அவர் அப்பா பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். "முதல்ல நம்ம ஊர் திருவிழா நோட்டீஸ்ல வரட்டும் அண்ணே, அப்புறம் புத்தகத்துல போடுங்க" என்றார். அதனால் எழுதவில்லை.

பாகூர், வில்லியனூர் பக்கத்தில் திருவிழா நடத்துகிற தர்மகர்த்தாக்களும் பங்குப் பேரவைக்காரர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நோட்டீஸில் உபயதாரர் பேர் போடுகிறோம், வாணவேடிக்கைக்காரர் பேர் போடுகிறோம், மைக் செட் பேரும் போன் நம்பரும் போடுகிறோம். இந்த வருஷம் பறை அடிப்பவர், பம்பை வாசிப்பவர், பேண்டு செட்டில் டிரம் தூக்குபவர் என ஒவ்வொருவர் பேரையும் கேட்டு எழுதி, இன்ஷியலோடு அச்சடியுங்கள்.