தில்லியிலிருந்து ஒரு நாடகக் குரல்: இந்திரா பார்த்தசாரதியின் அரசியல் நாடகங்கள்

சாணக்யபுரியில் வீதிகளுக்குப் பெயர் சூட்டியவர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல குறும்பு இருந்திருக்க வேண்டும். அர்த்தசாஸ்திரம் எழுதியவரின் பெயரில் ஒரு பேட்டையை அமைத்துவிட்டு, அதற்குள் நீதி மார்க், நியாய மார்க், சத்ய மார்க், வினய் மார்க் என்று வீதிகளை வகுத்திருக்கிறார். இவற்றோடு தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாந்தி பத் வேறு! நம் தமிழ்நாடு இல்லத்துக்குப் போகிறவர்கள் கௌடில்யா மார்க் வழியாகத்தான் போயாக வேண்டும். வினய் மார்க் அரசுக் குடியிருப்பில் சுமார் இருபது வருஷம் இருந்தவன் நான். காலையில் பால் வாங்கப் போகும்போதே அதிகாரத்தின் அகராதியைப் புரட்டிக்கொண்டு போவது போலிருக்கும்.

இந்த ஊரில் வாழ்ந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டே, அதிகாரம் என்றால் என்ன என்று நாடகமாக எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ரங்கநாதன் பார்த்தசாரதி என்றால் பலருக்குத் தெரியாது. மனைவியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட இந்திரா பார்த்தசாரதி என்றால், இ.பா. என்றால், தெரியும். அவருடைய நாடகங்களைப் பற்றித்தான் இம்மலரில் சில பக்கங்கள் எழுத விழைகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். அமைச்சக எழுத்தராக 1972இல் இந்நகருக்கு வந்து, மேடைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் நாடகம் எழுதுவதும் அரசியல் செய்வதும் நெருங்கிய சொந்தம். அறிஞர் அண்ணா 'ஓர் இரவு', 'வேலைக்காரி' நாடகங்களை எழுதினார். இரண்டும் திரைப்படமாயின. 'வேலைக்காரி' 1949இலும் 'ஓர் இரவு' 1951இலும் வந்தன. கலைஞர் மு. கருணாநிதி மேடையிலிருந்து திரைக்கு வந்து 1952இல் 'பராசக்தி' வசனத்தால் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். 1967க்குப் பின் இவ்விருவரும் அடுத்தடுத்து முதலமைச்சர் ஆனார்கள். உலகில் வேறெங்காவது இரண்டு நாடகாசிரியர்கள் இப்படி ஒருவர்பின் ஒருவராக ஆட்சிக்கு வந்திருக்கிறார்களா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். செக் நாட்டு வாட்ஸ்லாவ் ஹாவெல் 1989இல் அதிபரானதைச் சொல்வார்கள். ஆனால் அவர் தனி ஆள். அங்கே கைதட்டல் ஓட்டாக மாறும் வித்தை இங்கே போல வளர்ந்ததில்லை.

இ.பா.வின் நிலை நேர் எதிர். அவருக்கு வாய்த்த மேடை தில்லித் தமிழர் மேடை. பார்க்க வருவது யார்? சரோஜினி நகர், ஆர்.கே. புரம், கரோல்பாக் குடும்பங்கள். அடுத்த வாரம் இடமாற்ற உத்தரவு வருமா என்ற கவலையில் இருப்பவர்கள். இந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு ஒரு வார்டு தேர்தலில்கூட நிற்க முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர்தான் ஜெயிக்கிறவன், தோற்கிறவன் இரண்டு பேரையும் ஒரே கண்ணால் பார்க்க முடியும். இ.பா.வின் நாடகங்களில் நான் காணும் பலம் இது. அதுவே அவருடைய பலவீனமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இ.பா. 1930இல் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, 1950களில் தில்லி வந்தார். முதலில் நாவல்களில்தான் தலைநகரைத் தோலுரித்தார். 'தந்திர பூமி' 1969இலும் 'சுதந்திர பூமி' 1973இலும் வந்தன. தென்னாட்டிலிருந்து வரும் படித்த இளைஞன் எப்படி அதிகார வட்டத்துக்குள் நுழைகிறான், நுழைந்த பிறகு என்ன ஆகிறான் என்பதுதான் கதை. அந்த நாளில் எங்கள் அலுவலகத்தில் இந்தப் புத்தகங்களை மேசை இழுப்பறையில் வைத்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும். "இது நம்ம டைரக்டர்தான்யா!" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவரை அடையாளம் காட்டுவார்கள்.

நாடகத்தில் அவரை இழுத்துவிட்டது தட்சிண பாரத நாடக சபா. அவர்களுக்காக எழுதிய 'மழை' 1970இல் தில்லியில் மேடையேறியது. அதில் நடித்த எஸ்.கே.எஸ். மணியைத்தான் பின்னாளில் பாரதி மணி என்று தமிழ்நாடு அறிந்தது. 'பாரதி' (2000) படத்தில் பாரதியின் தந்தையாக வருபவர் அவர். நான் வருவதற்கு முன்னே நடந்த அரங்கேற்றம் அது. ஆனாலும் மூத்தவர்கள் சொல்லிச் சொல்லி, நானே பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. அதுவரை சபா நாடகம் என்றால் துணுக்குகளைக் கோர்த்த சிரிப்பு மாலை. இந்த நாடகத்திலோ ஒரு வயதான அப்பா, அவரோடு கட்டுண்டு கிடக்கும் மகள், வெளியே விடாத மழை. பொறி பறக்கும் வசனம் கிடையாது. அரசியலும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரை எப்படி ஆள்கிறார் என்ற கேள்வி அதில் இருந்தது. அதே கேள்வியைப் பிறகு அரண்மனைக்கு எடுத்துச் சென்றார் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அரண்மனைதான் 'ஔரங்கசீப்' (1974). தில்லியில் வாழ்கிறவர்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு தனி ருசி உண்டு. ஷாஜஹானின் பிள்ளைகள் நால்வர் 1657, 58இல் அரியணைக்காக மோதிக்கொண்ட கதை அது. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த தாரா ஷூகோவை 1659இல் இதே நகரத் தெருக்களில் யானைமேல் வைத்து ஊர்வலம் நடத்தி, பிறகு கொன்றார்கள். அவன் ஹுமாயூன் சமாதியில் கிடக்கிறான். அக்கா ஜஹனாரா நிஜாமுதீன் தர்காவில், மேற்கூரையில்லாத கல்லறையில் இருக்கிறாள். தங்கை ரோஷனாரா, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அவள் பெயரிலேயே உள்ள தோட்டத்தில். ஒரு நாள் பஸ் பாஸ் எடுத்தால் மூவரையும் பார்த்துவிடலாம். வென்றவன் மட்டும் தில்லியில் இல்லை. 1707இல் தக்காணத்தில் செத்து, குல்தாபாத்தில் புதைக்கப்பட்டான்.

இ.பா. இவர்களில் யாரையும் தெய்வமாக்கவில்லை, அரக்கனாக்கவும் இல்லை. ஷாஜஹான் கறுப்புப் பளிங்கில் இன்னொரு மகால் கட்டும் கனவில், அதாவது கடந்த காலத்தில், வாழ்கிறார். தாரா எல்லா மதமும் ஒன்று என்ற எதிர்காலத்தில் வாழ்கிறான். ஒரே நாடு, ஒரே மதம், ஒரே மொழி என்று நினைக்கும் ஔரங்கசீப்புக்குத்தான் நிகழ்காலம் கைவசமாகிறது. தாராவிடம் நமக்கு அன்பு வருகிறது. ஆனால் இவனிடம் ராஜ்யத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பயமும் வருகிறது. இந்தப் பயத்தை மறைக்காமல் எழுதியதுதான் நேர்மை. நாடகம் எழுதி முடிந்த மறு வருடம், 1975 ஜூனில், நெருக்கடி நிலை வந்தது. ஆசிரியர் சோதிடர் அல்லர். ஆனாலும் அதற்குப் பிறகு அதைப் படித்தவர்கள் மொகலாயர் காலமாக மட்டும் படித்திருக்க மாட்டார்கள்.

தமிழில் எழுதிய இந்நாடகம் ஷாஹித் அன்வரின் மொழிபெயர்ப்பிலும் கே.எஸ். ராஜேந்திரனின் இயக்கத்திலும் இந்தி மேடைக்கு வந்தது. மண்டி ஹவுஸ் பக்கம் அதைப் பார்க்க என் பஞ்சாபி அண்டைவீட்டுக்காரரை அழைத்துப் போயிருந்தேன். அவர் குடும்பம் லாகூரிலிருந்து ஓடிவந்த குடும்பம். திரும்பும்போது ஆட்டோவில் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை எழுதினவர் மதராசியா? எங்க கதை அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே கேள்வி வேறு வாயிலிருந்து வந்தபோதுதான் நெஞ்சு நிமிரவில்லை.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்தான். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அனைவரும் தலித்துகள். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து நெற்கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், அதுதான் குற்றம். வழக்கில் முதலில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நடந்தும் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை. சாப்பிடும்போது யாராவது ஆரம்பித்தால் அப்பா எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

இ.பா. அதை 'குருதிப்புனல்' நாவலாக எழுதினார். இதே தில்லியில் 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி'யில் தொடராக வந்து, 1975இல் நூலாகி, 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தில்லியிலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கும் கோபால்தான் நடுநாயகம். நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறையை ஒரு காரணமாக ஆசிரியர் காட்டினார். இடதுசாரி எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கூலிப் போராட்டத்தை ஒரு தனிமனிதனின் மனநோயாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அந்த வாதத்தில் பெரும்பகுதி நியாயமாகவே படுகிறது. நெல் அளக்கும் மரக்காலில்தான் அந்த நெருப்பு ஆரம்பித்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

ஒரு விடுமுறையில் அந்தப் புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பா அட்டையைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். "டில்லியில உக்காந்துக்கிட்டு எழுதறவருக்கு இங்க நடந்தது என்னடா தெரியும்?" என்றார்.

"தெரிஞ்சவங்க யாரும் எழுதலையேப்பா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் அதைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். படித்து முடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் போய்விட்டார்.

வெளியூரில் இருக்கிறவன் ஊரின் காயத்தைப் பற்றிப் பேசலாமா? வெளிமாநிலத் தமிழர்கள் எல்லாருக்கும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். தூரத்திலிருந்து பார்த்ததால் இ.பா. சிலவற்றைத் தவறவிட்டார். ஆனால் தூரத்தில் இருந்ததால்தான் எழுதவும் முடிந்தது. எங்கள் திண்ணையிலிருந்து அதை எழுதியிருக்க முடியாது.

அவரே அந்த நெருப்பை விடவில்லை என்பது என் ஊகம். 1978இல் 'நந்தன் கதை' எழுதினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தில் நெருப்பு பக்தனைப் புனிதமாக்கும் நெருப்பு. இ.பா.வின் நந்தன் மேல்சாதியாரின் சூழ்ச்சியால் நெருப்பில் இறங்குகிறான். தன் சனங்களின் ஆட்டத்தையும் பாட்டையும் விட்டு உயர்ந்த கலை என்று சொல்லப்பட்டதை நாடியதே அவனுக்கு விரித்த வலை. வெண்மணி என்ற சொல்லே நாடகத்தில் வேண்டியிருக்கவில்லை. நாவலில் தவறியது இங்கே கூடிவந்தது என்பேன். சிதம்பரத்துக் கதையைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்காமல் போகலாம். பிறகு வந்த 'இராமானுஜர்' அவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கும். கோயிலுக்குள் சாதியை எதிர்த்து நின்ற ஆசாரியரைக் காட்டும் அந்நாடகத்துக்கு 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது.

திரைத்துறை பக்கம் அவர் அண்ணாவையோ கலைஞரையோ போலத் தாமே போகவில்லை. திரை அவரைத் தேடி வந்தது. 'குருதிப்புனல்' 1983இல் ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' ஆகி, முதல் படம் இயக்கியவருக்கான தேசிய விருதைப் பெற்றது. 'உச்சி வெயில்' கதையை கே.எஸ். சேதுமாதவன் 'மறுபக்கம்' என்று எடுத்தார். சிவகுமாரும் ஜெயபாரதியும் நடித்த படம். அகில இந்திய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்தது அதுதான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தார். இ.பா. அதற்குள் போலந்து போய், வார்சாவில் ஐந்து வருஷம் கற்பித்து, அங்கே ராணுவச் சட்டத்தைக் கண்ணால் பார்த்து, 'ஏசுவின் தோழர்கள்' நாவலையும் எழுதி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார்.

2015இல் தில்லியின் ஔரங்கசீப் ரோட்டுக்கு அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். அன்றிரவு அந்தப் பழைய பஞ்சாபி நண்பர் நொய்டாவிலிருந்து போன் செய்தார்.

"ஔரங்கசீப்பை எடுத்துட்டு உங்க ஊர்க்காரர் பேரை வெச்சுட்டாங்களே! அந்த நாடகத்தை எழுதினவரும் உங்க ஊர்க்காரர்தானே?"

"ஆமாம்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சியா?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஒருத்தர் ராமேஸ்வரம், ஒருத்தர் கும்பகோணம்" என்று மட்டும் சொன்னேன்.