முதலிடம் பிடித்த நாடுகள் எங்கே போயின?

ஏற்றுமதியில் முதலிடம் என்றால் எந்த நாட்டுக்கும் பெருமைதான். ஆனால் ஒரு பட்டியலில் மட்டும், முதலிடம் பிடித்த நாடு அங்கே ரொம்ப நாள் நிலைப்பதில்லை. வெப்ப மண்டல வன்மரங்களை அறுக்காமல் முழுத் தடியாகவே கப்பலேற்றும் நாடுகளின் பட்டியல் அது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பிலிப்பைன்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டெழுந்த ஜப்பானின் பிளைவுட் ஆலைகளுக்கு மலிவான மரம் தேவைப்பட்டது. பக்கத்திலேயே பிலிப்பைன்ஸின் லவான் மரக் காடுகள் இருந்தன. 1950களிலும் 60களிலும் இந்த வியாபாரத்தில் பிலிப்பைன்ஸ்தான் பெரிய ஆள். காடு கரையக் கரைய ஏற்றுமதியும் சரிந்தது. 1986இல் அரசே தடி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அப்போது தடுக்க மிச்சமிருந்தது கொஞ்சம்தான்.

அடுத்தது இந்தோனேசியா. 1967இல் சுஹார்த்தோ ஆட்சி கொண்டுவந்த அந்நிய முதலீட்டுச் சட்டமும் வனச் சட்டமும் காடுகளைக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டன. 1970களில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. 1980இல் தொடங்கிப் படிப்படியாக இறுக்கி, 1985இல் தடி ஏற்றுமதியை முழுவதும் நிறுத்தினார்கள்.

இங்கேதான் கவனம் தேவை. தடிக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தோனேசியா வியாபாரத்தை விட்டே போய்விட்டதாகத் தோன்றும். பிளைவுட் கணக்கைப் பாருங்கள்: 1980களின் முடிவில் உலகிலேயே பெரிய ஏற்றுமதியாளர் அதே இந்தோனேசியா! மரம் வெட்டுவது நிற்கவில்லை, கப்பலில் ஏறும் உருவம்தான் மாறியது. ஒரு கன மீட்டர் பலகை அறுக்க ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் தடி வேண்டும். ஆகவே தடி, பலகை, பிளைவுட் மூன்றையும் தடிக் கணக்குக்கு மாற்றிய பிறகே நாடுகளை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது மலேசியா, குறிப்பாக சபா, சரவாக் மாநிலங்கள். 1987இல் சரவாக்கின் பெனான் பழங்குடியினர் மரம் ஏற்றும் பாதைகளை மறித்து நின்றார்கள். 1990இல் சர்வதேச வெப்ப மண்டல மர அமைப்பின் குழு, வெட்டும் அளவை ஆண்டுக்கு 92 லட்சம் கன மீட்டராகக் குறைக்கச் சொன்னது. அப்போது வெட்டிக்கொண்டிருந்தது அதைவிட மிக அதிகம். 1993இல் சபாவும் தடி ஏற்றுமதியைத் தடை செய்தது.

வாங்குபவர்களும் மாறினார்கள். 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. உள்ளூரில் கிடைக்காத மரத்தை வெளியிலிருந்து வாங்கத் தொடங்கி, ஜப்பானையும் தாண்டியது. 1988 வெள்ளத்துக்குப் பிறகு 1989இல் மரம் வெட்டத் தடை விதித்த தாய்லாந்தும் பர்மாவிலிருந்து மரம் வாங்கியது. தன் காட்டைக் காப்பாற்றும் நாடு, தன் தேவையைக் குறைக்காவிட்டால், கோடரி அடுத்தவன் காட்டுக்குப் போகிறது. 2014இல் மலேசியாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது பப்புவா நியூகினி. முக்கிய வாடிக்கையாளர் சீனா.

நாமும் இதற்கு வெளியே இல்லை. நம் ஊர் மரக்கடைகளில் பர்மா தேக்கு, மலேசியன் சால் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர்களிலேயே இந்த வரலாறு இருக்கிறது.

அரிசி ஏற்றுமதி கூடினால் அடுத்த வருடமும் விதைக்கலாம். இந்த மரங்கள் பருத்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் இந்தப் பட்டியலில் எந்த நாடாவது வேகமாக மேலே ஏறுவதைப் பார்த்தால், அதன் காடு எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.