பாதையும் பேரும்

அட்டன் நகரில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த கடைச் சிப்பந்திகளும் ஆசிரியர்களும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றனர். அது எப்பொழுது வரும் என்பது பனிமூட்டத்துக்கும் மழைக்கும், எங்கோ ஒரு வளைவில் பழுதாகி வீதியை மறித்து நிற்கும் லொறிக்குமே தெரியும். வேலைத்தலத்துக் கடிகாரமோ இவற்றில் எதையும் அறியாது. பாதையின் குற்றத்துக்குத் தண்டம் இறுப்பவர் பாதையில் நிற்பவரே. இது இயற்கை நியதியா? மலையகத்தின் வரலாற்றைப் புரட்டினால், அன்று என்றே காண்கிறோம்.

கோப்பிக் காலத்தில் பாதையின் நிச்சயமின்மை துரைமாரையே வாட்டியது. கண்டிச் சீமைக் கோப்பி மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு இறங்கிற்று. மழை பிடித்தால் சக்கரம் சேற்றிற் புதையும். மாடு நோயில் விழும். மூட்டை வழியிலேயே நனையும். நட்டம் முதலாளிக்கு, ஆகவே அது பொறுக்கத் தகாத தீமையாயிற்று. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, 1874இல் நாவலப்பிட்டிக்கு, 1884இல் அட்டனுக்கு, 1885இல் நானுஓயாவுக்கு. அதற்குள் இலைநோயால் கோப்பி மடிந்து தேயிலை தழைத்துவிட்டது. சரக்கின் தாமதத்துக்கு மருந்து தேடி மலையையே குடைந்தார்கள். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கம் அதற்குச் சாட்சி.

தொழிலாளியின் தாமதத்துக்கு வேறு வைத்தியம் செய்யப்பட்டது. வேலைக்கு வரும் வழியையே இல்லாமற் செய்வதுபோல் லயங்களைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டினார்கள். விடியுமுன் தப்பு முழங்கும்; பிரட்டுக்களத்தில் ஆட்கணக்கு; பிறகு மலை. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பாடப் புகுந்தபோது அந்த முழக்கத்தையே முதலிற் கேட்கச் செய்தார். வழி குறுகியதுதான், ஆனால் செங்குத்தானது, வழுக்குவது, அட்டை நிறைந்தது. கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு ஓடிவரும் தாய் சற்றுப் பிந்தினால் அன்று அவளுக்குப் பேர் இல்லை. தோட்டத்து வழக்கில் பேர் என்பது ஒரு நாட் சம்பளம். அரை நாளுக்கு அரைப்பேர். மனிதரின் பெயரையே பாதியாக அறுக்கும் இந்தச் சொல்லை நம் பண்டிதர்கள் ஒருநாள் ஆராய்வார்களாக!

பறித்த கொழுந்து சில மணி நேரத்துள் தொழிற்சாலையை அடையாவிடின் கெட்டுப்போகும். ஆகவே தோட்டப் பாதைகள் கொழுந்தின் அவசரத்துக்கே வளைந்தன: மலையிலிருந்து தொழிற்சாலைக்கு, தொழிற்சாலையிலிருந்து ரயில் நிலையத்துக்கு. லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நேர்வழி வேண்டுமென்று எவரும் கணக்கிடவில்லை.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1903-04இல் ஒரு சிறிய ரயில் பாதை போடப்பட்டது. தேயிலையோடு மனிதரும் அதில் ஏறினர். மோட்டார் வண்டிகளின் போட்டியை அது தாங்கவில்லை, 1948இல் மூடப்பட்டது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. ரயிலை நிறுத்தாதே என்று கேட்கவேண்டியவர்களிடம் கேட்பதற்குரிய சீட்டே இருக்கவில்லை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தப்பு ஓய்ந்தது, அதன் தத்துவம் ஓயவில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட் சம்பளம் 500 ரூபா. அதற்குமேல் வருகைக்கென 60 ரூபா தனியே வைக்கப்பட்டது. வேலை தரப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்கு வந்தவர்களுக்கே அந்த அறுபது.

இப்பொழுது இளந்தலைமுறை லயத்தில் உறங்கி நகரத்தில் உழைக்கிறது. பாட்டன் காலத்தில் துரைமார் சுருக்கிவிட்ட தூரம் பஸ் பாதையாக மீண்டும் நீண்டுவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது வீதிகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. அத்தகைய பேரிடரை உலகம் அறியும். ஒரு மணி நேர மண்சரிவை, முக்கால் மணி நேரப் பனியை யார் அறிவார்? மாத முடிவில் சம்பளச் சீட்டிற் கழிபட்ட நேரத்துக்கு எதிரே, காரணம் எழுத ஓர் இடமும் விடப்பட்டிருப்பதில்லை.