மிதித்தவர்கள் வாங்கிய நிலம்

போன வருஷம் சாம்பல் புதன் அன்னிக்கு ஒரு சபதம் எடுத்தேன். தவக்காலம் 40 நாளும் குடிக்கறதில்லைன்னு. பதினோராவது நாள் டீம் பார்ட்டி. அவ்வளவுதான், கதை முடிஞ்சது :-(

சரி, விழுந்தா எந்திரிக்கணும்தானே? நான் எந்திரிக்கலை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறதுன்னு அந்த ஞாயிறு பூசைக்குப் போகலை. அடுத்த ஞாயிறும் போகலை. ஈஸ்டர் போச்சு, கிறிஸ்துமஸும் போச்சு. ரெண்டு கிளாஸ் பீர் செய்யாத வேலையை அந்த வெட்கம் செஞ்சுது. ஊர்ல இருந்து ஆச்சி போன் பண்ணி "பூசைக்குப் போனியாலே?"ன்னு கேட்டா, "ஆமா ஆச்சி"ன்னு ஒரு பொய் வேற.

இந்த நேரத்துலதான் ஒரு ராத்திரி 'சைலன்ஸ்' படம் பார்த்தேன். 2016ல் ஸ்கோர்செசி எடுத்தது. எண்டோ ஷுசாகு என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1966ல் எழுதிய நாவல்தான் மூலம். நாவல் கற்பனை. ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற நிஜ வரலாற்றைத் தேடிப் படிச்சப்போ தூக்கம் போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்குங்க மக்களே.

கதை எங்க ஊர்ப் பக்கம் இருந்தே தொடங்குது. 1542ல் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தாரே புனித சவேரியார், அவரேதான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அவருக்கு அப்புறம் வந்த குருக்கள் தொடர்ந்து உழைச்சதில் 1614 வாக்கில் ஜப்பானில் சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த 1614ல்தான் டோகுகவா அரசு நாடு முழுக்க கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. குருக்களை வெளியேற்றினார்கள். ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

முதலில் கொன்றார்கள். கொன்றால் வேதசாட்சி ஆகிவிடுகிறான், அவனைப் பார்த்து இன்னும் பத்து பேர் உறுதியாகிறார்கள் என்று புரிந்ததும் வழியை மாற்றினார்கள். சாகடிக்க வேண்டாம், மறுதலிக்க வைத்தால் போதும். ஆளை உடம்பு முழுக்கக் கட்டி, ஒரு குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். சீக்கிரம் உயிர் போகாது. 1633ல் கிறிஸ்தோவாவோ ஃபெரேரா என்ற போர்த்துகீசிய இயேசு சபை குரு இந்தக் குழியில் தொங்கி, சில மணி நேரத்தில் மறுதலித்தார். சாதாரண ஆள் இல்லை, ஜப்பானில் அந்தச் சபையின் பொறுப்பிலேயே இருந்தவர். அதே சமயம் அதே தண்டனையில் தொங்கிய ஜூலியன் நகாவுரா என்ற ஜப்பானியக் குரு, கடைசி வரை மறுதலிக்காமல் செத்தார். ஃபெரேராவோ ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரிக்கிற அதிகாரிகளுக்கே உதவி செய்தார்.

குருக்களின் கதையை விட என்னைப் பிடிச்சு உலுக்கினது சாதாரண சனங்களின் கதை.

'ஃபுமி-எ' என்று ஒன்று. இயேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த தகடு. அதைத் தரையில் வைத்து, வரிசையாக வந்து மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தால் நீ கிறிஸ்தவன் இல்லை, வீட்டுக்குப் போகலாம். தயங்கினால் விசாரணை. நாகசாகிப் பகுதியில் இது 1620களில் தொடங்கி, 1850களின் கடைசி வரைக்கும் நடந்தது. ஒரு தடவை மிதித்தால் முடிந்தது என்றும் இல்லை. ஒவ்வொரு வருஷமும், வருஷப் பிறப்பை ஒட்டி! நாகசாகிக்குப் பக்கத்தில் உராகாமி என்ற கிராமத்தில் இந்தச் சடங்கு ஊர்த்தலைவர் வீட்டில் நடந்தது. (இந்த வீட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.) அறுபது வயது வரை வாழ்ந்த ஒரு கிழவர், சின்ன வயசுல இருந்து கணக்குப் போட்டால், ஐம்பது தடவைக்கு மேல் மிதித்திருப்பார்.

மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்? செபம் செய்தார்கள்!

நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குரு 1644ல் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. ஆனால் தடை வருவதற்கு முன்பே, 1603ல், 'கொன்சிரிசான்' பற்றி ஒரு சின்னப் புத்தகம் ஜப்பானிய மொழியில் வந்திருந்தது. போர்த்துகீசிய மொழியின் 'கொன்த்ரிசாவ்' என்ற சொல்தான் ஜப்பானியர் வாயில் அப்படி ஆனது. குரு கிடைக்காத நேரத்தில் முழு மனதோடு மனஸ்தாபப்பட்டால், பிறகு குரு கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற எண்ணமும் இருந்தால், கடவுள் மன்னிப்பார் என்பது அதன் சாரம். கையால் பிரதி எடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றினார்கள்.

இதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சின்ன வயசுல படுக்கறதுக்கு முன்னாடி ஆச்சி எங்களை உக்கார வெச்சு 'உத்தம மனஸ்தாப மந்திரம்' சொல்ல வைப்பாங்க. அரைத்தூக்கத்துல முணுமுணுத்துட்டுப் படுப்போம். ஏறக்குறைய அதே விஷயம்தான் அந்தக் கிராமத்து வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு, இருநூறு வருஷத்துக்கு மேல் மெல்லிய குரலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

யோசிச்சுப் பாருங்க. மிதிக்க மறுத்த வீரர்கள் பெரும்பாலும் செத்துப்போனார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் உராகாமியில் விசுவாசம் 1865 வரைக்கும் வந்து சேர்ந்தது, வருஷா வருஷம் மிதித்தவர்களின் கையில். காலையில் விழுந்து சாயங்காலம் எந்திரிச்சவர்களின் கையில்.

1865 மார்ச் 17. வெளிநாட்டவருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓரா தேவாலயத்துக்கு உராகாமியில் இருந்து சுமார் பதினைந்து பேர் வந்தார்கள். அங்கே இருந்த பிரெஞ்சுக் குரு பெத்தீஜானிடம் ஒரு பெண் மெதுவாகச் சொன்னார், எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்று. அப்புறம் மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். ஏழு தலைமுறை கழித்து!

இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் தடை இன்னும் நீங்கவில்லை. 1867 ஜூலையில் ஒரு விடியற்காலை, உராகாமியில் 68 பேரைக் கைது செய்தார்கள். பிறகு இன்னும் சிலரை. சித்திரவதை தாங்காமல் ஏறக்குறைய எல்லோரும் மறுதலித்தார்கள். கடைசி வரை மறுத்து நின்றவர் தகாகி சென்எமோன் என்ற ஏழை விவசாயி. விடுதலையாகி ஊர் திரும்பியவர்களில் பலர் சில நாட்களிலேயே ஊர்த்தலைவரிடம் போனார்கள். நாங்கள் மறுதலித்ததை வாபஸ் வாங்குகிறோம் என்றார்கள். திரும்ப அதே அடி விழும் என்று தெரிந்தேதான்!

அடுத்து வந்த மெய்ஜி அரசு ஊரையே காலி செய்தது. 1868ல் முதலில் 114 பேர், 1870ல் மிச்சம் எல்லோரும். மொத்தம் சுமார் 3,400 பேர் மேற்கு ஜப்பானின் பல ஊர்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சென்எமோன் போன த்சுவானோவில் அவரைக் குளிர்காலத்தில் உறைந்த குளத்துக்குள் தள்ளினார்கள். அப்போதும் அவர் அசையவில்லை. நாடு கடத்தப்பட்டவர்களில் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சுமார் 1,000 பேர் மறுதலித்தார்கள். மேற்கத்திய நாடுகளின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1873ல் அரசு தடைப் பலகைகளை அகற்றியது. மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுதலித்தவர்களில் பலரும் திரும்ப வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்த நாடு கடத்தலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'தபி'. பயணம் என்று அர்த்தம்.

இப்போ அந்த ஊர்த்தலைவர் வீட்டுக்கு வருவோம். 1880ல் உராகாமி கிறிஸ்தவர்கள் காசு சேர்த்து ஒரு இடம் வாங்கினார்கள். அதே வீடு! தங்கள் அப்பா, தாத்தா, பாட்டன் எல்லோரும் வருஷா வருஷம் மாதாவை மிதித்த அதே இடம். அதைத்தான் கோவிலாக்கினார்கள். பிறகு 1895ல் அங்கே பெரிய செங்கல் கோவில் கட்ட ஆரம்பித்து, 1914ல் அர்ச்சிப்பு நடந்தது.

நானா இருந்தா அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்!

1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு அந்தக் கோவிலில் இருந்து சுமார் 500 மீட்டரில் வெடித்தது. பங்கு மக்கள் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மாதா விண்ணேற்புத் திருநாள் நெருங்கியிருந்ததால், அந்த நேரத்தில் உள்ளே இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குருக்களும் போனார்கள், உள்ளே இருந்த மக்களும் போனார்கள். 1959ல் அதே இடத்தில் திரும்பவும் கோவில் கட்டினார்கள். இன்னும் நிக்குது.

நம்ம ஆபீஸ்ல சர்வர் விழவே விழாதுன்னு யாரும் டிசைன் பண்றதில்லை. விழுந்தா எப்படித் திரும்ப எழுப்பறது, எவ்வளவு நேரத்துல எழுப்பறதுன்னுதான் உக்காந்து பேசறோம். மத்தவங்க சர்வருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கத் தெரிஞ்ச எனக்கு, ரெண்டு கிளாஸ் பீருக்கு அப்புறம் எந்திரிக்க ஒரு வருஷம் ஆச்சு. அவங்களுக்கு இருநூறு வருஷமா கிடைக்காத பாவசங்கீர்த்தனத் தொட்டி, என் ரூம்ல இருந்து பத்து நிமிஷ நடையில இருக்கு.

போன சனிக்கிழமை சாயங்காலம் போய் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பாட்டிங்க, ஒரு காலேஜ் பையன். என் முறை வந்தப்போ எப்படி ஆரம்பிக்கறதுன்னே மறந்து போச்சு. ஃபாதர்தான் எடுத்துக் கொடுத்தார். கடைசியில மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். அது மட்டும் தடங்கல் இல்லாம வந்துச்சு, ஆச்சி புண்ணியம்.

இந்தத் தவக்காலத்துக்கும் அதே சபதம்தான். பார்ப்போம் :-)