குண்டாற்றங்கரையிலிருந்து பெரியாற்று ஏரிக்கு

போன ஆவணியில் மூன்று நாள், தனியாகக் காரை எடுத்துக்கொண்டு தேக்கடி வரை போய்வந்தேன். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. "அறுபத்தொன்பது வயசுல மலைப்பாதையில தனியா வண்டி ஓட்டணுமாப்பா? கொஞ்ச நாள் பொறுங்க, நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றான் கோவையில் இருக்கும் மகன். அவன் லீவு எப்போது கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தனியாகக் கிளம்புவது திருச்சுழிக்குப் புதிதும் இல்லை. 1879 டிசம்பர் 30 அன்று எங்கள் ஊரில் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, ஒற்றை ஆளாக ஒரு மலையைத் தேடிப் போனார். ரமண மகரிஷி ஆனார், திரும்பவில்லை. நான் மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா விட்டுப்போன நஞ்சை இரண்டு ஏக்கர், கண்மாய்க்குக் கீழே கிடக்கிறது. நஞ்சை என்பது பதிவேட்டில் மட்டும்தான். கடந்த பல வருஷங்களில் நெல் விளைந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற வருஷங்களில் சீமைக்கருவேல்தான் விளைச்சல். அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். மகனும் கொடுத்துவிடச் சொல்கிறான். வருவாய்த்துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து, ஊர் ஊராக அடங்கலில் 'சாவி' என்று எழுதிய கை இது. விற்பதற்கு முன்னால், நமக்கு வராத தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படிப் போகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊரின் பெயரே ஒரு வேடிக்கை. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்து, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தலபுராணம். அதனால் சுழியல். சுந்தரர் தேவாரம் பாடிய ஊர். அன்றைக்கு உள்ளே போன வெள்ளத்தில் ஒரு பங்கை வெளியே விட்டிருக்கலாம் என்று என் அம்மா திருமேனிநாதர் சன்னதியிலேயே நின்று சொல்லுவார்.

காரியாபட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்தேன். இந்த இடத்தை நம் பக்கத்து ஆட்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டும். தெற்கே தெரியும் மலை, வருசநாட்டு மலையோடு சேர்ந்த தொடர். அதன் மேற்கே விழும் மழை வைகைக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழைதான் குண்டாறாகத் திருமங்கலம், காரியாபட்டிப் பக்கமாக வந்து, திருச்சுழியைத் தொட்டு, கமுதி வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒரே மலைதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை மேற்கேயே கொட்டித் தீர்த்துவிடும். நம் சரிவுக்கு வருவது மேகத்தின் நிழல்தான். குண்டாற்றில் வருஷத்தில் சில நாட்கள் செந்தண்ணீர் ஓடுவதற்கும், மற்ற நாட்களில் மணல் தோண்டி ஊற்றுப் பார்ப்பதற்கும் காரணம் இந்த முதுகுதான்.

கணவாய் இறங்கினால் வைகை அணை. 1959 ஜனவரி 21 அன்று, நம் விருதுநகர்க்காரர் காமராஜர் முதல்வராக இருந்தபோது திறந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்த அதே பூங்கா, அதே படிகள். முட்டிதான் அதே முட்டி இல்லை. கொஞ்ச நேரம் கரை மேல் நடந்துவிட்டுக் கம்பத்துக்குப் போய்விட்டேன்.

தேனி தாண்டியதும் கண்ணுக்கு ஒரு அதிர்ச்சி. நாங்கள் இங்கே ஆவணியில் கோடை உழவு உழுதுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அங்கே சாலையின் இரண்டு பக்கமும் பச்சை. முதல் போக நெல், வாழை, தென்னை, திராட்சை. வாய்க்காலில் தண்ணீர் சத்தம். எனக்குச் சந்தோஷமும் வந்தது, பொறாமையும் வந்தது. பொய் சொல்வானேன்.

கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் கர்னல் ஜான் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15, அவருடைய பிறந்த நாளில் திறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், பொங்கலன்று படத்துக்கு மாலை போடுகிறார்கள். பக்கத்து டீக்கடையில் மேசைக்கு மேலே அவர் படம். கடைக்காரரிடம், "இதை முதல்ல யோசிச்சது யாரு தெரியுமா தம்பி?" என்றேன்.

"இவர்தான் அய்யா. வெள்ளக்காரர். சொத்த வித்துக் கட்டினாரு."

"அதுக்கு நூறு வருஷம் முன்னாடி, எங்க சீமை ஆளு ஒருத்தர் யோசிச்சாரு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், "பெருசு கதை விடுது" என்று எழுதியிருந்தது.

கதை இல்லை. நம் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கமெல்லாம் அப்போது இராமநாதபுரம் சேதுபதி சீமை. முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 1789-ல் பன்னிரண்டு பேரை அந்தக் காட்டுக்குள் அனுப்பினார். மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விட முடியுமா என்று பார்த்துவரச் சொன்னார். முடியும் என்று வந்து சொன்னார்கள். பணம் இல்லாததால் யோசனை அத்தோடு நின்றது. 1795-ல் கும்பெனியார் சேதுபதியையே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டுவிட்டார்கள். அவர் சிறையிலேயே 1809-ல் இறந்தார். அதற்கு முந்தின வருஷம்தான், 1808-ல், கால்டுவெல் என்ற கும்பெனி எஞ்சினியர் அந்த மலையைப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று எழுதி வைத்தார். நடக்காத காரியம் என்று எழுத நமக்குச் சொல்லியா தர வேண்டும்? முப்பத்தைந்து வருஷம் அந்த மாதிரிக் குறிப்புகளோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

1850-ல் ஒரு சின்ன அணை வேலை தொடங்கி நின்றுபோனது. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் ஜனங்கள் கொத்துக்கொத்தாக மடிந்த பிறகுதான் சர்க்காருக்குப் பெரியாறு மறுபடி ஞாபகம் வந்தது. 1882-ல் பென்னிகுயிக்கிடம் திட்டத்தை ஒப்படைத்தார்கள். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய். 1970-ல் அதை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள். (தீர்வைக் கணக்குப் பார்த்தவனுக்கு இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1887-ல் வேலை ஆரம்பம், 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். வேலையில் உடனிருந்த மெக்கன்சி என்ற எஞ்சினியர் 1899-ல் இதன் வரலாற்றை நூலாகவே எழுதினார். பணம் சென்னை மாகாணச் சர்க்கார் போட்ட பணம். சொத்தை விற்ற கதை இல்லாமலேயே பென்னிகுயிக் பெரியவர்தான். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் போக மறுபடி கட்டிய மனிதர் அவர். காலராவிலும் காய்ச்சலிலும் செத்த கூலி ஜனங்கள் நூற்றுக்கணக்கில். அவர்கள் பெயர் வைத்த பிள்ளைகள் யாரும் இல்லை.

மறுநாள் காலை மலை ஏறினேன். லோயர் கேம்ப்பை விட்டதும் குருவனூத்து. அணைக்கான சுண்ணாம்புக்கல் இங்கே வெட்டியதுதான். கம்பி வடத்தில் தொங்கவிட்டு மேலே அனுப்பினார்கள். சிமெண்ட் இல்லாத காலம். சுண்ணாம்பும் செங்கல்தூளான சுர்க்கியும் குழைத்த காரை. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே ஊர்ந்தேன். பின்னால் வந்த கேரளா பஸ் ஹாரன் அடித்தே என்னை மலை ஏற்றிவிட்டது. இரைச்சல் பாலத்தில் ஓரம்கட்டினேன். பேருக்கு ஏற்ற இடம். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. மேலேயிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் போகிறது. மீதி இந்தப் பாலத்தின் கீழே வெள்ளையாகக் கொட்டுகிறது. மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கிழக்கே விழுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேக்கடியில் வனத்துறை வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்தேன். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை கொடுத்தார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர், நான்தான் மூத்தவன். வழிகாட்டி அந்த மலையின் பழங்குடி, நாற்பது வயது இருக்கும். "மெதுவா வாங்கய்யா, காடு எங்கயும் போகாது" என்று எனக்காகவே நடையைக் குறைத்தார். மூங்கில் தெப்பத்தில் ஏரியின் ஒரு கையைக் கடந்தோம். தூரத்துக் கரையில் கூட்டமாகக் காட்டு மாடுகள், பிறகு ஒரு யானைக் குடும்பம். ஆனால் என் மனதில் நின்றது ஏரிக்குள் நிற்கும் பட்ட மரங்கள். 1895-ல் தண்ணீர் ஏறியபோது மூழ்கிச் செத்த காட்டின் மிச்சம், இன்னும் கறுப்பாக நிற்கிறது. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபோதுதான் இந்த வேலையின் சூட்சுமம் புரிந்தது. நாம் நினைப்பது போல அணையில் மடை திறந்து நம் பக்கம் தண்ணீர் வருவதில்லை. அணை பல மைல் தள்ளி, காட்டுக்குள், மேற்கே பார்த்து இருக்கிறது. அதன் வேலை தண்ணீரை உயர்த்துவது மட்டும்தான். கண்மாயில் கலுங்கை உயர்த்திக் கட்டினால் நீர்ப்பிடிப்பின் கடைக்கோடி மேட்டில் தண்ணீர் ஏறுமல்லவா, அதே மாதிரி. ஏரியின் கிழக்குக் கோடியில், தேக்கடியில், மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் வைத்தார்கள். ஏரி 104 அடிக்கு மேல் ஏறினால்தான் சுரங்கத்தில் தண்ணீர் புகும். 136-ஆ 142-ஆ என்று ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடந்த சண்டையெல்லாம் இந்த 104-க்கு மேலே இருக்கிற தண்ணீருக்குத்தான். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 என்றது. கண்மாய் கட்டத் தெரிந்த நம் கிராமத்து நீர்ப்பாய்ச்சிக்குக் காட்டினால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வான். முத்திருளப்ப பிள்ளை அனுப்பிய ஆட்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் யோசித்த சீமைக்கு ஏன் வரவில்லை? இது என் கணிப்பு. சர்க்கார் போட்ட பணத்துக்குத் தீர்வையாகத் திரும்ப வர வேண்டும். மதுரை, மேலூர்ப் பக்கம் ரயத்துவாரி நிலம், தீர்வை நேராகக் கஜானாவுக்கு. நம் பக்கம் ஜமீன். தண்ணீர் விட்டால் லாபம் ஜமீனுக்கு. அதோடு திருச்சுழி இருப்பது குண்டாற்றுப் படுகையில். வைகைக்கும் நமக்கும் நடுவே மேடு. அதையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை பேச்சு மட்டும் வரும்.

கடைசியாக வந்தது பேச்சில்லை, வேலை. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி மதிப்பீடு. மூன்று கட்டத்தில் வைகையிலிருந்து குண்டாறு வருவது கடைசிக் கட்டம், அதுவும் 34 கிலோமீட்டர்தான். இந்த 34 கிலோமீட்டரைத்தான் நான் குமுளி லாட்ஜில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் சுருளி அருவிக்கு நடந்து, குளித்து, கூட்டம் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். திருச்சுழிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். குண்டாறு மணலாகக் கிடந்தது. ஒரு கிழவி ஊற்றில் தகரப் போணியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் மகனுக்குப் போன் போட்டு, "கேட்டவர்கிட்ட ரெண்டு வருஷம் கழிச்சு வரச் சொல்லு" என்றேன். "ரெண்டு வருஷத்துல தண்ணி வந்துருமாப்பா?" என்றான். "ரெண்டு வருஷம் பொறுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: பெரியாறு அணையைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், பொதுமக்களை விடமாட்டார்கள். ஏரியும் காட்டு நடையும் உண்டு. நடைக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். இரைச்சல் பாலத்தில் வளைவை விட்டுத் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். போகவர நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முட்டி வலி இருக்கிறவர்கள் ஒரு கைத்தடி கொண்டு போங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு எடுத்துப் போகவில்லை, வழிகாட்டி மூங்கிலில் ஒன்று வெட்டிக் கொடுத்தார்.